வெள்ள நட்டஈட்டுக் காசு உங்களுக்கு வந்ததோ?

முரசுமோட்டை:
என்ர கதையைச் சொல்லித் துவக்கிறன், நீங்களும் சொல்லுங்கோ.

2024 கார்த்திகை வெள்ளத்தில ஆறு ஏக்கர் நெல்லு போச்சு. ரெண்டு ஏக்கர் அப்பாவுக்கு அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணி. மிச்சம் நாலும் குத்தகை, காணிக்காரர் கனடாவில. நெல்லு ரெண்டு மூண்டு நாள் தண்ணிக்குள்ள தாக்குப் பிடிக்கும். இது ஆறு நாள் நிண்டது. வடிஞ்ச பிறகு இறங்கினால் அழுகல் மணம்தான்.

ஏக்கருக்குக் கூடினது 40,000 ரூபா எண்டு அரசாங்கம் அறிவிச்சது. நானும் மனசுக்குள்ள ஆறால பெருக்கிப்போட்டு இருந்தன். கமநல சேவை நிலையத்தில இடாப்பைத் திறந்தால், நாலு ஏக்கருக்கும் ஏக்கர் வரி கட்டினது காணிக்காரற்ற மச்சான். விதைச்சது நான், பேர் அவற்ற. அதோட அந்த நாலுக்கும் எனக்குக் காசு இல்லை.

மிச்ச ரெண்டாவது வரட்டும் எண்டால் அதில வேற கூத்து. பருவம் பிந்தினால் விளையாது எண்டு கடன்பட்டு மூண்டு மாச நெல்லு வாங்கி, ஏக்கருக்கு ரெண்டரைப் புசல் திரும்ப வீசினன். பார்வையிட வரேக்க முளைச்சு விரலளவு நிக்குது. "பச்சையா நிக்குதே அண்ணை, இதில என்ன அழிவு?" எண்டு கேட்டார் வந்த தம்பி. பக்கத்து வயற்காரர் ஒண்டும் செய்யாமல் விட்டவர். அவருக்கு முழு அழிவு, எனக்குப் பாதி. அவரில குறை இல்லை, நல்ல மனுசன். ஆனால் வயிறு எரியுமா இல்லையா?

ஒட்டுசுட்டான், மரக்காலை:
உங்களுக்காவது படிவத்தில ஒரு கூடு இருந்தது. 2025 டித்வா புயல் வெள்ளத்தில, நான் மரம் விக்கிற மரக்காலைக்குள்ள இடுப்பளவு தண்ணி. பாலைக்குத்தி கிடந்த இடத்திலயே கிடந்தது, அது தாழுற மரம். காய்ஞ்ச தேக்கு முழுக்க மிதந்து போட்டுது. மோட்டரும் பழுதாப் போச்சு. விதானையார், அதுதான் கிராம அலுவலர், கொண்டந்த தாளில நெல், மேட்டுப்பயிர், மாடு, கோழி, கடை எல்லாம் கிடக்கு. மரம் இல்லை. பாவம், அவர் யோசிச்சுப்போட்டுக் கடை எண்டு எழுதினார்.

பகிடி என்னெண்டால், நாலு குத்தி ஒராளின்ர வயலுக்க ஒதுங்கிக் கிடந்தது. ஏத்திக்கொண்டு வரலாம் எண்டால் மரம் ஏத்துற பெர்மிட் வெள்ளத்தில ஊறிப் போச்சு. பெர்மிட் இல்லாமல் தேக்கு ஏத்தினால் றோட்டில மறிப்பாங்கள். என்ர மரத்தை நானே களவெடுக்கிற மாதிரி நிண்டன். வயற்காரர் உழவுக்கு இடைஞ்சல் எண்டு ஒவ்வொரு நாளும் போன் அடிச்சார்.

பூநகரி:
எனக்கு வந்தது. டித்வாவுக்கு ஹெக்டேயருக்கு 150,000. கந்தோருக்குத்தான் ஹெக்டேயர், எங்கட கணக்கில ஏக்கருக்கு 60,000. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கண்டாவளைப் பக்கம் தாழ்ந்த நேரம் மாமா வீட்டில பட்ட பாட்டைப் பார்த்துப் படிச்சது: ஏக்கர் வரித் துண்டை வீட்டுக் கூரைத் தீராந்தியில பொலித்தீனில கட்டி வைக்கிறனான். தண்ணி நிக்கேக்கயே எல்லைக்கல்லும் தெரியப் படம் எடுத்துப்போடுங்கோ. அண்ணை, நீங்கள் திரும்ப விதைக்க முதல் கமக்கார அமைப்புச் செயலாளரைக் கூட்டிவந்து காட்டியிருக்க வேணும்.

முரசுமோட்டை:
காட்டினனான் தம்பி. அவற்ற வயலும் தாழ்ந்து, அவரும் அண்டைக்குத் திரும்ப விதைச்சுக்கொண்டு நிண்டவர்.