அடிஸ் அபாபாவில் பதினோராம் நாள்: வேலை தராமல் காப்பியே தருகிறார்கள், என்ன செய்வது?

நெல்லைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எத்தியோப்பியத் தலைநகரில் ஒரு பள்ளியின் நூலகத்தை ஒழுங்குபடுத்தவும், மாலையில் மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி தரவும் ஆறு மாதத் தன்னார்வப் பணிக்காக வந்திருக்கிறேன். முதல் நாளே சறுக்கல்தான். மூன்று மணிக்கு வரும்படி தொலைபேசியில் சொன்னார்கள். நான் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன். தலைமையாசிரியை காலை ஒன்பது மணியிலிருந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார். இங்கே பொழுதை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதும், நம்முடைய காலை ஏழு மணிதான் இவர்களுக்கு ஒரு மணி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் என் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் திடுக்கிட்டவர் போலச் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டேனோ என்று பதறிப்போய் நிறுத்தினேன். அது ‘ஆமாம், சரி’ என்று சொல்லும் முறையாம்.

இவற்றுக்கெல்லாம் பழகிக்கொள்ளலாம். என் கவலை வேறு. நூலகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தால் போதும், யாராவது வந்து காப்பிக்கு அழைத்துப்போகிறார்கள். அதில் ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. சாப்பிடும்போது இஞ்செரா என்னும் புளித்த தோசை போன்ற அப்பத்தைக் கிழித்துக் குழம்பில் தோய்த்துச் சுருட்டி என் வாயருகே நீட்டுகிறார்கள். நான் சைவம்; எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. பதினொரு நாளில் ஒரு புத்தகத்தைக்கூட நான் இடம் மாற்றவில்லை. மரியாதையாக என்னை ஒதுக்கி வைக்கிறார்களா, அல்லது இதுதான் இங்குள்ள வழக்கமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அந்நாட்டுக் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களை யாரும் ஒதுக்கவில்லை. அந்தக் காப்பியை நீங்கள் இடைவேளை என்று நினைப்பதுதான் சிக்கல். பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் கண்ணெதிரே வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் முன்னும் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்தப் புகையைக் கையால் முகத்துப் பக்கம் விசிறி முகர்ந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிறகு இடித்து, ஜெபெனா என்னும் மண்கூஜாவில் கொதிக்க வைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதலாவது அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. பெரெக்கா என்றால் ஆசி. முதல் சுற்றோடு எழுந்து போவது, பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடுவதைப் போன்றது. ஆறு வாரம் அலைந்தும் எனக்குக் கிடைக்காத ஆய்வகச் சாவி ஒரு மூன்றாம் சுற்றில்தான் கைக்கு வந்தது.

வாயில் ஊட்டுவதற்குக் குர்ஷா என்று பெயர். அன்பின் அடையாளம் என்பதால், மறுத்தால் மனம் வருந்துவார்கள். ஆகவே ஊட்ட வருவதற்கு முன்பே ‘யெட்சோம்’ உணவு மட்டுமே உண்பேன் என்று சொல்லிவிடுங்கள். விரத உணவு என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள்களிலும் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள் என்பதால், யாரும் உங்களை விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். கடைகளில் ‘பெயாய்நெத்து’ என்று கேட்டால், ஒரே இஞ்செராவின் மேல் பருப்பு, கீரை, பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் வந்துவிடும். வயிறு நிறைந்ததும் ‘பெக்காஞ்’ என்று சொல்லுங்கள், இருமுறையாவது சொல்லவேண்டியிருக்கும். நேரக் கணக்கைப் பற்றி ஒன்று: சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள் நம் முன்னோர், நாம் அதை வியப்பாகப் பார்ப்பதுதான் எனக்கு வியப்பு.

ஏரிக்கரை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதில் பாதிக்குத்தான் நான் உடன்படுகிறேன். காப்பி பண்பாடுதான், ஆனால் வந்த தன்னார்வலரை என்ன செய்வது என்று பள்ளிக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. தெற்கு எத்தியோப்பியாவின் ஹவாசா நகரில் ஒரு பள்ளியின் அறிவியல் அறையை, யாரையும் கேட்காமல், மூன்றே நாளில் அடுக்கி ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டினேன். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு குடுவை எடுத்த உதவியாளர், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் என்னைத் தேடி வர நேர்ந்தது. நான் ஊருக்குத் திரும்பிய மறுவாரமே எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டது என்று பின்னர் கேள்விப்பட்டேன். அந்த உதவியாளர் செய்ததே சரி.

எனவே, உங்கள் பள்ளியில் நூலகர் என்று ஒருவர் இருப்பாரானால், தலைமையாசிரியையை விட்டுவிட்டு அவரிடம் போங்கள். திட்டத்தை விளக்காமல், அவருக்கு எது தொல்லையாக இருக்கிறது என்று கேளுங்கள். கூடவே எழுத்தையும் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். அங்கே பேசும் அம்ஹாரிக் மொழியின் ஃபிடெல் எழுத்துகளைக் கண்டு ஐரோப்பியத் தோழர்கள் மிரள்வார்கள். நமக்கு அது வீட்டுச் சமாசாரம். 33 மெய்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவங்கள், மொத்தம் 231. நம்முடைய 216 உயிர்மெய்களைப் படித்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும். புள்ளிக்கெனத் தனிக் குறி இல்லை, ஆறாவது வடிவமே மெய்யாகவும் ஒலிக்கும் என்பது ஒன்றுதான் சற்றுத் தடுமாற வைக்கும். நூலகரிடமே அதைக் கற்றுத் தரும்படி கேளுங்கள். நீங்கள் மாணவியாக உட்கார்ந்தால் அவருக்கும் கூச்சம் விலகும்.

குன்றத்தூரான் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. அடிஸ் அபாபா நம் உதகையைவிடச் சற்று உயரமான இடத்தில், ஏறத்தாழ 2,350 மீட்டரில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்; அதையும் மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதியவர்களிடம் இந்தியர் என்று சொல்லிப் பாருங்கள். பேரரசர் ஹைலே செலாசியின் காலத்தில் ஏராளமான இந்திய ஆசிரியர்கள் அங்கே பணியாற்றினார்கள். தம் கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நெல்லைக்காரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று மூன்றாம் சுற்று முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். தொல்லை எது என்று நூலகர் அம்மாவிடம் கேட்டதற்கு, அவர் இரவல் பதிவேட்டை எடுத்து வந்து மடியில் வைத்தார். திரும்பி வராத புத்தகங்கள்தான் அவருடைய தலைவலி. அலமாரி ஒரு பொருட்டே இல்லை. தேதிகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழைய பதிவேடா என்று கேட்டுவிட்டேன். அவர்களுடைய ஆண்டு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது என்பதை அடுத்த நிமிடம்தான் நினைவுகூர்ந்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாணவர் பெயர்களை நான் வாசித்தாகவேண்டும் என்பதால் முதல் ஐந்து எழுத்துகளை நாளை சொல்லித் தருவதாகக் கூறியிருக்கிறார். இரண்டு மணிக்கு வரச் சொன்னார். நம் கணக்கில் காலை எட்டு மணிதானே என்று கேட்டேன். அவர் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார்.