மறு: ‘கால் அண்ட் ரெஸ்பான்ஸ்’க்கு (ஒருத்தர் ஒரு வரி எடுத்துப் பாட, கூட்டம் சேர்ந்து பதில் வரி பாடற முறை) தமிழ்ல என்ன? எடுகுரல் – தொடுகுரல்னு வைக்கலாமா

> அழைப்பு–மறுமொழின்னே வச்சுக்கலாமே, நேரடியா இருக்கு, எல்லாருக்கும் புரியும்

ஐயா வணக்கம். புரியும்தான், மறுக்கலை. ஆனா மறுமொழின்னா கடுதாசிக்குப் போடற பதில் மாதிரி இருக்கு, ஒருத்தர் சொல்லி முடிச்சப்புறம் இன்னொருத்தர் சொல்றது. ஆப்பிரிக்க வெகுசன இசை பத்தின கட்டுரைக்குத்தான் இந்தச் சொல் வேணும், அங்க அந்தப் பாட்டுங்க எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் கேட்டுட்டு முடிவு பண்ணலாமேன்னு நினைக்கிறேன்.

நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி 1976ல போட்ட ‘ஜாம்பி’ பாட்டை எடுத்துக்குங்க. ஜாம்பின்னா நடமாடற பிணம், சொன்னதை யோசிக்காம செய்யற சிப்பாயைத்தான் அப்படிக் கிண்டல் பண்றார். கிட்டத்தட்ட பன்னெண்டு நிமிஷம். முதல் சில நிமிஷம் இசைக்கருவிங்களே பேசும், அப்புறம்தான் ஃபெலா வாயைத் திறப்பார். முதல்ல அவர் "ஜாம்பி ஓ, ஜாம்பி"ன்னு பாட, பெண்கள் குழு அதையே திருப்பிப் பாடுது, அது வெறும் ஏத்துப்பாடறது. கொஞ்ச நேரத்துல அவர் பட்டாளத்து ஆர்டர் மாதிரி ஒண்ணொண்ணா எடுத்து விடறார், போய்க் கொல்லு, போய்ச் சாவுன்னு, ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பொண்ணுங்க "ஜோரோ ஜாரா ஜோ"ன்னு அணிவகுப்பு நடை மாதிரியே ஒண்ணைப் போடுதுங்க. அங்கதான் பாட்டு கொதிக்குது. ஃபெலா குரல் மட்டும் இருந்தா அது ராணுவத்தைத் திட்டுற ஒரு ஆளோட பாட்டு. அந்தப் பதில் வந்து சேரும்போது, சொன்னதைச் செய்யற சிப்பாய் கூட்டமே கண்ணு முன்னாடி நடந்து வர்ற மாதிரி ஆயிடுது. போதாததுக்கு ஃபெலா தன்னோட யொரூபா மொழில பாடாம, பல இனத்துக்காரங்களும் பொதுவாப் பேசற பிட்ஜின்ங்கற கலப்பு இங்கிலீஷ்ல பாடினதால லாகோஸ்ல எந்த இனத்துக்காரனும் அந்தப் பதிலைப் பாட முடியும். 1977 பிப்ரவரி 18ல ஆயிரம் பேர் அளவுக்கு சிப்பாய்ங்க அவரோட கலக்கூட்டா வீட்டுக்குள்ள புகுந்து அடிச்சு நொறுக்கிக் கொளுத்தினாங்க, அவரோட அம்மா ஃபன்மிலாயோவை ஜன்னல் வழியா தூக்கி வீசினாங்க, அடுத்த வருஷம் அவங்க இறந்துட்டாங்க. பெண்கள் உரிமைக்கும் காலனி ஆட்சிக்கு எதிராவும் வாழ்நாள் பூரா நின்ன மனுஷி அவங்க. அந்தப் பாட்டு ராணுவத்தை எந்த அளவுக்கு உறுத்திச்சுன்னு இதுலயே தெரியுது.

தென்னாப்பிரிக்காவுல நிறவெறி எதிர்ப்புக் கூட்டத்துல ஒருத்தர் "அமாண்ட்லா"ன்னு கத்துவார், மொத்தக் கூட்டமும் "அவேத்து"ன்னும். அமாண்ட்லான்னா அதிகாரம், அவேத்துன்னா நம்மளோடது. ஒரே வாக்கியத்தை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க, மேடைல இருக்கறவர் வாயில முதல் பாதி, மக்கள் வாயில மீதி. மக்கள் சொல்லலைன்னா வாக்கியமே முடியாது! இதைப் போய் மறுமொழின்னா எப்படி ஐயா? வுயிசிலே மினி எழுதின பாட்டும் அப்படித்தான், வெர்வூர்டு பேரைச் சொல்லி "கறுப்பு மனுஷன் வர்றான், ஜாக்கிரதை"ன்னு பிரதமரையே எச்சரிக்கற பாட்டு. மினி தொழிற்சங்கக்காரர், நல்ல கனத்த குரல்னு சொல்வாங்க, 1964 நவம்பர்ல பிரிட்டோரியால தூக்குல போட்டுட்டாங்க. மறுவருஷமே தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபா அந்தப் பாட்டை அமெரிக்காவுல அங்கத்திய பாடகர் ஹேரி பெலஃபாண்டேகூட சேர்ந்து போட்ட ரெக்கார்டுல பாடினாங்க. அந்தம்மாவை 1960லேர்ந்தே சொந்த ஊருக்குத் திரும்ப விடலை, 1963ல ஐநாவுல நிறவெறிக்கு எதிரா சாட்சி சொன்னதும் பாட்டுங்களுக்கும் தடை. தூக்குல போனவரோட பாட்டு உலகம் பூரா போச்சு.

> எங்க ஊரு வில்லுப்பாட்டுல பின்பாட்டுன்னு சொல்றாங்களே, அது போதாதா?

தம்பி, நல்ல சொல்தான், நம்ம மண்ணு சொல். ஆனா "அவனுக்குப் பின்பாட்டு பாடறான்"னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும், ஜால்ரா போடறான்னு. மினி பாட்டுல கூட நின்னு பாடின ஜனங்களுக்கு அந்தப் பேரை வைக்க எனக்கு மனசு வரலை. எடுப்புன்னு இன்னொருத்தர் சொல்லியிருந்தாங்க, அது தமிழிசைல ஏற்கனவே பல்லவிக்கு இருக்கு, தாளத்துல பாட்டு தொடங்கற இடத்துக்கும் அதே சொல்தான், மூணாவதா இதையும் அதுமேல ஏத்தினா படிக்கறவங்க குழம்பிடுவாங்க.

அதனால என் பரிந்துரை: எடுகுரல், தொடுகுரல். பாட்டு எடுத்து விடுன்னு நாம சொல்றோம்ல, அந்த எடு. பூ தொடுக்கறோம்ல, அந்த தொடு, விட்ட இடத்துலேர்ந்து கோத்துக்கிட்டுப் போறது. ரெண்டுமே வினைத்தொகை, ரெண்டும் ஒரே எடை, எதுவும் எதுக்கும் கீழ இல்ல. மொத்த முறைக்கும் ஒரு பேர் வேணும்னா ‘எடுதொடு பாட்டு’. தொடுன்னா டச் பண்றதுன்னு தோணும்னு யாராவது சொல்லலாம், தொடுதிரைன்னு நாம புழங்கறதால, ஆனா எடுகுரல் பக்கத்துலயே வரும்போது அந்தக் குழப்பம் வராதுன்னுதான் படுது.

ஜிம்பாப்வேலயும் இது பொருந்துதான்னு பாத்தேன். ஷோனா மொழில முன்ன போற பாகத்துக்கு குஷாவுரா, அதோட பின்னிக்கிட்டு வர்றதுக்கு குட்சின்ஹிரா, ம்பிரா (உலோகப் பட்டைங்களைக் கட்டைவிரலால மீட்டற கருவி) ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த ரெண்டு பாகத்துக்கும் இதே பேருங்கதான். அந்த ஊர்ப் பாடகர் தாமஸ் மப்ஃபூமோ குழுவுல கிட்டார் தந்தியை உள்ளங்கையால அமுக்கி ‘டொக் டொக்’னு ம்பிரா மாதிரியே ஒலிக்க வச்சு, அதை எலக்ட்ரிக் பேண்டுக்குள்ள கொண்டுவந்தாங்க. வெள்ளைக்காரச் சிறுபான்மை ஆட்சி அவரை விசாரணை இல்லாம உள்ள போட்டுச்சு, 1980ல சுதந்திரம் வந்தப்புறம் 1989ல சொந்த அரசாங்கத்தோட ஊழலைப் பத்தியும் அவரே பாடினார். இங்க விடை சொல்றது மனுஷன் இல்ல, கருவி. அதுக்கும் ‘குரல்’ வருமான்னு கேட்டா, பழந்தமிழ் இசைல ஏழு சுரத்துல முதல் சுரத்துக்கே குரல்னுதான் பேர், யாழ்லயும் அது ஒலிச்சதுதானே, அதனால எனக்கு உறுத்தலை.

கட்டுரைல இப்படி வரும்: "‘ஜாம்பி’ பாடலில் எடுகுரல் ஃபெலாவுடையது, தொடுகுரல் பெண்கள் குழுவினுடையது." ஒருதடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. நாக்குல இடறுச்சுன்னா, தொடுகுரலுக்குப் பதிலா ‘ஏற்குரல்’னும் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், ஆனா அதுல ஒத்துக்கிற தொனி தூக்கலா இருக்கறதால ரெண்டாவது இடத்துலதான் வைக்கிறேன்.