முதுகா, முதுகுகளா? (குர்ஆன் 7:172)

அபூ ஸாலிஹ்: "அலஸ்து உடன்படிக்கை, அதாவது மனிதர்கள் பிறக்கும் முன்பே இறைவன் அவர்களிடம் வாங்கிய வாக்கு, நடந்த சம்பவமே இல்லை, வெறும் உவமை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக முஸ்னத் அஹ்மத் ஹதீஸ் தொகுப்பில் இடமே வருகிறது: அரஃபாவை ஒட்டிய நஅமான். ஆதம் (அலை) முதுகிலிருந்து சந்ததிகளை அல்லாஹ் வெளியாக்கி, சிற்றெறும்புகள் போலப் பரப்பி, "நான் உங்கள் இறைவன் அல்லவா?" என்று கேட்டான். உவமைக்கு ஊர்ப்பெயர் எதற்கு?

கடற்கரையான்: அந்த "ஒருவர்" நான்தான், பாய். பெயரைச் சொல்லியே திட்டலாம். வசனத்தில் ஆதமின் முதுகு எங்கே இருக்கிறது? "மின் பனீ ஆதம": ஆதமின் மக்களிடமிருந்து. "மின் ளுஹூரிஹிம்": அவர்களுடைய முதுகுகளிலிருந்து. பன்மை.

அபூ ஸாலிஹ்: மக்கள் எல்லாரும் ஆதமின் முதுகுவழி வந்தவர்கள்தானே! வசனத்தை ஹதீஸ் விளக்குகிறது. இதை உவமை என்ற ஸமக்ஷரியின் விரிவுரையைப் படித்துவிட்டு வந்து முஃதஸிலா (பகுத்தறிவுவாதப் பிரிவு) பாடம் எடுக்காதீர்கள்.

கடற்கரையான்: ஸமக்ஷரி பெயரை நான் எடுக்கவே இல்லை. உங்களுக்குப் பிடித்த குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீரையே திறங்கள். நஅமான் செய்தி நபி (ஸல்) சொன்னதாக அல்ல, இப்னு அப்பாஸின் சொந்தச் சொல்லாக நிற்பதுதான் வலுவானது என்கிறார். இது ஃபித்ராவை (மனிதனின் பிறவி இயல்பை) குறிக்கிறது என்றவர்கள், "ஆதமிடமிருந்து என்றோ அவர் முதுகிலிருந்து என்றோ அல்லாஹ் சொல்லவில்லை" என்று காட்டியதையும் எழுதியிருக்கிறார். பன்மை, பாய், பன்மை.

நூரி: இரண்டு பேரும் முதுகைப் பிடித்தே தொங்குகிறீர்கள். தனக்கென ஓர் இருப்பே இல்லாமல் அடியான் இறைவனிடம் இருந்த நிலையை சூஃபி ஞானி ஜுனைத் பக்தாதி இதில் பார்த்தார். அங்கே திரும்புவதுதான் ஃபனா (தன்னை இழத்தல்).

அபூ ஸாலிஹ்: ஆரம்பித்துவிட்டார். தர்கா கந்தூரி பற்றிய இழை பக்கத்தில் இருக்கிறது, சகோதரரே.

நூரி: பிறை பார்ப்பது பற்றிய இழையில் பதில் சொல்லாமல் காணாமல் போனவர் எனக்கு வழி காட்டுகிறார்!

அபூ ஸாலிஹ்: அன்று நெட் இல்லை. நூறு தடவை சொல்லிவிட்டேன்.

மதரஸா மாணவி: அந்தக் கேள்விக்கு சந்ததிகள் சொன்ன "பலா" (இல்லை, நீயே எங்கள் இறைவன்) என்பதற்குப் பதில் "நஅம்" (ஆம்) என்றிருந்தால், "ஆம், நீ இறைவன் அல்ல" என்றாகிக் குஃப்ர் (இறைமறுப்பு) ஆகியிருக்கும் என்பார்கள். தமிழ் தர்ஜுமாவில் (மொழிபெயர்ப்பில்) வெறும் "ஆம்" போட்டால் அது போய்விடாதா?

கடற்கரையான்: தங்கச்சி, பலாவுக்கு ஒருமை பன்மை கிடையாது. ளுஹூருக்கு உண்டு. சரி பாய், நீங்கள் கொடுத்த வாக்கு உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அபூ ஸாலிஹ்: தாய் வயிற்றில் இருந்ததும்தான் நினைவில்லை. இருக்கவில்லை என்பீர்களா?

கடற்கரையான்: அதற்கு உம்மா சாட்சி.

அபூ ஸாலிஹ்: இதற்கு நபி (ஸல்) சாட்சி. முவத்தா ஹதீஸ் தொகுப்பில் உமர் (ரலி) அறிவிப்பும் இருக்கிறது.

கடற்கரையான்: அதை உமரிடமிருந்து அறிவிக்கும் முஸ்லிம் இப்னு யஸார் அவரிடம் நேரில் கேட்டதில்லை என்று ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதியே சொல்கிறார். அறிவிப்பாளர் தொடரை விடுங்கள், முதலில் முதுகுகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

நூரி: பிறைக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அபூ ஸாலிஹ்: இஷா முடிந்து வருகிறேன்.

கடற்கரையான்: நெட் இருக்குமா?