அப்பாவுக்கு பாட்டு லிஸ்ட் போடுறேன், கொஞ்சம் உதவி பண்ணுங்க லா

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, அடுத்த மாசம் அப்பாவுக்கு 70 வயசு, கோலாலம்பூர்லேர்ந்து பட்டர்வொர்த்துக்கு குடும்பத்தோட கார்ல போறோம், வழியில கேக்க பத்து வருஷத்துக்கு ஒரு பாட்டுன்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சேன், இப்ப தலை சுத்துது.

62ல வந்த ‘சொன்னது நீதானா’, சுசீலாம்மா குரல், அதுல பேச்சே இல்ல. 70கள்ல தான் வீட்டுல சண்டை. அம்மாவுக்கு 76ல வந்த அன்னக்கிளி ‘மச்சானப் பாத்தீங்களா’ வேணுமாம். அப்பாவோ நம்ம நாட்டுல பொறந்த மலேசியா வாசுதேவன் இல்லாம என்ன லிஸ்டுன்னு 16 வயதினிலே ‘செவ்வந்தி பூ முடிச்ச’க்கு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ரெண்டையும் போட்டா ரூல் போச்சு! யாரு பக்கம் நீங்க?

82க்கு ‘இளைய நிலா’, 92க்கு ‘சின்னச் சின்ன ஆசை’, சரி. 2006க்கு ராப் குழு யோகி பி நட்சத்ராவோட ‘மடை திறந்து’ என் சாய்ஸ், ராஜா சாரோட 1980 பாட்டத்தான் ராப்போட கலந்திருக்காங்க, அப்பா மொதல்ல மொறைச்சாரு, இப்ப விரல் தாளம் போடுது.

2010க்கு மேல எனக்கு ஒண்ணுமே மனசுல நிக்கல, வயசாயிருச்சு போல. பிள்ளைங்க ‘கொலவெறி’ங்குதுங்க. வேற ஏதாவது சொல்லுங்க ப்ளீஸ். அப்பறம் அப்பாவுக்கு அல்லிகேட்ஸ் பேண்டுன்னா உயிரு, பினாங்கு பசங்க, மலாய்ப் பாட்டுதான், தமிழ் லிஸ்ட்ல சேக்கலாமா?

இன்னொண்ணு, பழைய கேசட் ஒரு பொட்டி நிறைய கெடக்கு. பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் இல்லாட்டி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல யாராச்சும் அத பென்டிரைவ்ல ஏத்திக் குடுக்குறாங்களா? எவ்ளோ வெள்ளி (ரிங்கிட்) வாங்குவாங்க?