இடம்பெயர்ந்த அணியின் வெற்றி அப்பாவுக்குச் சொந்தமில்லையா?

நெல்லித்தோப்பு மகள் கேட்கிறார்:

என் தந்தை 1979 முதல் 2006 வரை மாண்ட்ரியாலில் கணக்கராக வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கே திரும்பியவர். கிரிக்கெட்டை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. 1969-இல் தொடங்கி, அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் மேஜர் லீக் பேஸ்பால் அணியாக இருந்து, 2004-ஆம் ஆண்டுப் பருவத்தோடு வாஷிங்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு ‘நேஷனல்ஸ்’ என்று பெயர் மாறிய மாண்ட்ரியால் எக்ஸ்போஸ்தான் அவருடைய அணி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, ஆங்கிலம் தடுமாறிய நிலையில் அங்கே போய் இறங்கியவருக்கு, வானொலியில் ஜாக் தூசே பிரெஞ்சில் செய்த நேர்முக வர்ணனைதான் முதல் துணை. இன்றுவரை அவர் வாயில் ‘ஹோம் ரன்’ வந்ததில்லை, அதற்கான பிரெஞ்சுச் சொல்லான ‘சிர்க்குய்’தான்.

1994-இல் எனக்குப் பதினொரு வயது. 74 வெற்றி, 40 தோல்வி என்று லீகிலேயே முதலிடத்தில் அணி இருந்தபோது, ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி, அந்த ஆண்டின் வாகையரைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்காமல் போயிற்று. செப்டம்பர் ஆட்டம் ஒன்றுக்கு வாங்கியிருந்த நான்கு சீட்டுகளில் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் அப்பா வைத்துக்கொண்டார். மூலை மழுங்கிய அந்தச் சீட்டு இப்போதும் அவருடைய வங்கிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கடைசிக் காலத்தில் அரங்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆட்ட விதி ஒன்றும் புரியாத அம்மா, பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியைப் படபடவென்று தட்டி ஓசை எழுப்புவதற்காகவே எங்களோடு வருவார். 2004 செப்டம்பர் 29 அன்று, புளோரிடாவிடம் 9–1 என்று தோற்ற கடைசி உள்ளூர் ஆட்டத்தைப் பார்த்த 31,395 பேரில் நாங்கள் நால்வரும் இருந்தோம். அன்று அம்மா நாற்காலியைத் தட்டவில்லை.

2019 அக்டோபர் 31 காலை, ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டனை 6–2 என்று வீழ்த்தி நேஷனல்ஸ் உலகத் தொடரை வென்றபோது, “அப்பா, நம்ம டீம் ஜெயிச்சிடுச்சு” என்று கத்தினேன். “யாரோட டீம்?” என்று கேட்டுவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கல்லறைத் திருநாளன்று, உப்பளம் கல்லறையில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியபோதும் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. இன்றும் அப்படித்தான். இது வெறும் பிடிவாதமா, அல்லது அவர் பக்கம் நியாயம் இருக்கிறதா?

மஞ்சக்குப்பம் வாசகர்:

சகோதரி, உங்கள் தந்தையின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஏட்டின்படி இரண்டும் ஒரே அணிதான், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்போஸ் ஆட்டக்காரர்களான கேரி கார்ட்டரின் 8, ஆந்த்ரே டாசனின் 10, டிம் ரெயின்ஸின் 30 ஆகிய எண்களை இனி யாரும் அணியக்கூடாது என்று மாண்ட்ரியால் ஒதுக்கி வைத்திருந்தது. வாஷிங்டன் அவற்றை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2005 அக்டோபரில் அந்த எண்களைப் பதாகையாக ஏற்றி மரியாதை செய்தது யார் தெரியுமா? அதே ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான கனேடியன்ஸ்! மேலும், எக்ஸ்போஸுக்காக ஆடியவர்களில் மேஜர் லீகில் கடைசிவரை எஞ்சியிருந்த பார்த்தோலோ கொலோன் அங்கே ஆடியது 2018-ஓடு முடிந்துவிட்டது. 2019-இல் கோப்பையைத் தூக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட அந்தச் சட்டையைப் போட்டவர் இல்லை.

முத்தியால்பேட்டை முதியவர்:

மேலே எழுதிய தம்பி கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இது கணக்கில் தீரும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா எழுதித் தந்தார், என் அப்பா தரவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ‘நம்முடையது எது’ என்று அவர்களிடம் கேட்டால் இருவருக்கும் கோபம்தான் வரும். (பிரெஞ்சுப் பென்ஷன் பெரியப்பாவுக்கு மட்டும் வந்தது வேறு கதை.) ஆகவே, மகளே, 2019-ஐ விட்டுவிட்டு, 1994-இல் யார் எங்கே நின்று ஆடினார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நெல்லித்தோப்பு மகள்:

ஐயா சொன்னபடி நேற்று மாலை கேட்டேன். அப்பா சமையலறையிலிருந்து மூன்று எவர்சில்வர் தம்ளர்களை எடுத்துவந்து மேசையில் வைத்து, வெளிக்களத்தில் இடப்பக்கம் மொய்சேஸ் ஆலூ, நடுவில் மார்கிஸ் கிரிசம், வலப்பக்கம் லாரி வாக்கர் என்று காட்டினார். அந்த மொய்சேஸின் தந்தை பெலிப்பே ஆலூதான் அணியின் மேலாளர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். “அப்பனும் புள்ளையும் ஒரே டீம்ல” என்று சொல்லிவிட்டு, வங்கிப் புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டை உருவி மூன்றுக்கும் நடுவில் வைத்தார். எனக்கான காப்பி லாரி வாக்கரில் இருந்தது; அது ஆறிப்போகும் வரை அவர் எடுக்க விடவில்லை.