மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டமைப்பதற்கான குறிப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: நிரல்தறி

வணக்கம். ஒலிக் கோப்புகளில் உள்ள பாடகர் பெயர், தொகுப்பின் பெயர் போன்ற விவரங்களைத் திருத்துவதற்காகச் சி++ மொழியில் ஒரு சிறு மென்பொருளை எழுதி, அதன் மூலநிரலை வெளியிட்டிருக்கிறேன். இவ்விவரங்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் டேக்லிப் நிரலகத்தைப் பயன்படுத்துகிறேன். கட்டமைப்பது, அதாவது மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவது, சிமேக் என்ற கருவி கொண்டு. ரீட்மீ கோப்பில், களஞ்சியத்தை நகலெடுக்கவும், சிமேக்கை இயக்கவும், பிறகு மேக் கட்டளையைத் தரவும் என்று மூன்றே வரிகள் உள்ளன. என் கணினியில் இவை தடையின்றி நடக்கின்றன. ஆனால் முயன்று பார்த்தவர்களில் பலர் ஏதாவதொரு பிழைச்செய்தியோடு என்னிடம் வருகிறார்கள். லினக்ஸ் பழகியவர், ஆனால் சி++ எழுதாதவர் ஒருவர், என்னைக் கேட்காமலேயே கட்டமைத்து முடிக்க வேண்டுமானால் குறிப்பில் எதையெல்லாம் சொல்ல வேண்டும், எதை விடலாம்?

பதில் 1: கட்டளைவரி

குறிப்பில் விடுபட்டதையெல்லாம் உங்கள் கணினி தானே நிரப்பிக்கொள்கிறது. எப்போதோ வேறு வேலைக்காக நிறுவிய நிரலகங்கள், ஷெல்லின் அமைவுக் கோப்பில் சேர்த்துவிட்டு மறந்துபோன சூழல் மாறிகள், முந்தைய முறை சிமேக் எழுதிவைத்த கேஷ் கோப்பு ஆகியவை உங்களுக்குத் தெரியாமலேயே உதவிக்கொண்டிருக்கும். எனவே எழுத உட்காருவதற்கு முன், டாக்கரில் (கணினிக்குள்ளேயே தனித்த லினக்ஸ் சூழலைத் தரும் கருவி) டெபியன் லினக்ஸின் அடிப்படைப் படிமம் ஒன்றைத் திறந்து, அதற்குள் நீங்கள் தரும் ஒவ்வொரு கட்டளையையும் வரிசை மாறாமல் பதிந்து வாருங்கள். அதில் களஞ்சியத்தை நகலெடுக்கும் ‘கிட்’ கருவியும் இருக்காது, நிரலைத் தொகுக்கும் கம்பைலரும் இருக்காது. அந்தப் பதிவே உங்கள் குறிப்பின் முதல் வரைவு.

உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோரைத் தடுப்பது, ஒரு நிரலகத்தில் என்னென்ன உள்ளன என்பதைக் கம்பைலருக்கு அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு நிரலகம் பொதுவாக இரண்டு பொதிகளாகப் பிரிந்திருக்கும்: மென்பொருள் இயங்குவதற்கு வேண்டியது ஒன்று, அந்த நிரலகத்தைக் கொண்டு வேறொன்றைத் தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் அடங்கியது மற்றொன்று. பின்னதன் பெயர் அங்கே ‘டெவ்’ என்றும், ஃபெடோராவில் ‘டெவல்’ என்றும் முடியும். சி++ எழுதாதவருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டேக்லிப்தான் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது என்று திகைத்து நிற்பார். போதாக்குறைக்கு, டெபியன் 12இல் அந்தப் பொதியின் பெயர் லிப்டேக்1-டெவ், ஃபெடோராவில் டேக்லிப்-டெவல். ஆகவே ‘டேக்லிப் தேவை’ என்று எழுதி நிறுத்திவிடாமல், நிறுவும் கட்டளையை முழுமையாகத் தாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு படியின் முடிவிலும் திரையில் என்ன தெரிய வேண்டும், எந்தக் கோப்பு உருவாகியிருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இரண்டாம் படியில் நேர்ந்த தவறு நான்காம் படியில்தான் வெளிப்படுகிறது என்றால், படிப்பவர் நான்காம் படியையே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருப்பார். களஞ்சியத்தில் சப்மாட்யூல்கள் (உள்ளே இணைக்கப்பட்ட வேறு களஞ்சியங்கள்) இருந்தால் இது இன்னும் அவசியம்: வெறும் குளோன் கட்டளை அந்த அடைவுகளைக் காலியாகவே விட்டுவிடும், கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் ஜிப் கோப்பிலும் அவற்றின் உள்ளடக்கம் வராது.

கட்டளைகளுக்கு முன்னால் டாலர் குறியை இடாதீர்கள். நகலெடுத்து ஒட்டுபவருக்கு அது தொல்லை.

பதில் 2: பழையகெர்னல்

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. டெபியன், ஃபெடோரா என எல்லா லினக்ஸ் வழங்கல்களுக்கும் பொதிப் பெயர்களை அடுக்கத் தொடங்கினால், நீங்கள் சோதித்தே பார்க்காத கட்டளைகள் குறிப்பில் சேர்ந்துவிடும். பொதிப் பெயர்களும் காலப்போக்கில் மாறுபவை. நீங்கள் சரிபார்த்த ஒரே ஒரு வழங்கலுக்கு முழுக் கட்டளையைத் தந்து, பிறருக்காக நிரலகங்களின் பெயரையும் குறைந்தபட்சப் பதிப்பையும் குறிப்பிட்டால் போதும். ஃபெடோராவோ ஆர்ச்சோ பயன்படுத்துபவர் தம் பொதியைத் தாமே தேடிக்கொள்வார்.

குறைந்தபட்சப் பதிப்பு என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘சி++20 ஆதரவுள்ள கம்பைலர் தேவை’ என்ற வரி பார்வைக்குத் துல்லியமாக இருந்தாலும் படிப்பவருக்குப் பயன்படாது. உபுண்டு 22.04இன் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11. அது சி++20இன் பெரும்பகுதியை ஏற்கும், ஆனால் அந்தத் தரத்தைச் சேர்ந்த, உரையை வடிவமைக்கும் ஃபார்மேட் நிரலகம் ஜிசிசி 13இல்தான் வந்தது. உங்கள் நிரலில் ஃபார்மேட் இருக்குமானால் ‘ஜிசிசி 13 அல்லது அதற்குப் பிந்தையது’ என்றே எழுத வேண்டும்.

பதில் 3: அடைவுக்காரன்

கடைசிப் படியைப் பற்றி யாரும் பேசவில்லை. பல குறிப்புகள் நிர்வாகி உரிமையோடு மேக் இன்ஸ்டால் செய்யச் சொல்லி முடிந்துவிடுகின்றன. கோப்புகள் யுஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் போகின்றன, பொதி மேலாளருக்கோ அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. நீக்குவதற்கென்று சிமேக் தானாக எந்தக் கட்டளையையும் உருவாக்குவதில்லை. நிறுவிய கோப்புகளின் பட்டியலை மட்டும், கட்டமைப்பு நடக்கும் பில்ட் அடைவில் விட்டுவைக்கிறது. உங்களுடையதைப் போன்ற சிறு மென்பொருளைப் பில்ட் அடைவிலிருந்தே இயக்கலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, நிறுவுவதை விருப்பத் தேர்வாக, பயனரின் சொந்த அடைவுக்குள் நிறுவும்படி அமைத்துத் தருவது நல்லது. பில்ட் வகையை ‘ரிலீஸ்’ என்று குறிப்பிடவும் மறக்க வேண்டாம். அதைக் குறிப்பிடாமல் மேக் கோப்புகளை உருவாக்கினால், வேகத்துக்கான மேம்படுத்தல் எதுவுமின்றித்தான் சிமேக் தொகுக்கும். பிறகு மென்பொருள் மெதுவாக இயங்குகிறது என்று அடுத்த முறையீடு வரும்.

நிரல்தறி

மூவருக்கும் நன்றி. டெபியன் படிமத்தில் முயன்றபோது முதலில் நின்றது டேக்லிப்பில் அல்ல, நிரலகங்கள் எங்கே உள்ளன என்று கண்டுசொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி இல்லாததால். அதை நான் பட்டியலில் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். இப்போது எழுதும் குறிப்பு ஆறு மாதங்களுக்குப் பிறகும் சரியாக இருப்பதை எப்படி உறுதிசெய்வது?

பதில் 4: கட்டளைவரி

குறிப்பில் உள்ள கட்டளைகளை ஒரு ஷெல் கோப்பில் வைத்து, ஒவ்வொரு மாற்றமும் களஞ்சியத்தில் சேரும்போது அதே வெற்றுப் படிமத்தில் தானாக இயங்கும்படி செய்யுங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கிட்லேப் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. மாதம் ஒருமுறை, மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் இயங்கும்படி காலமும் குறித்துவிடுங்கள். உங்கள் நிரல் அப்படியே இருந்தாலும் பொதிகள் மாறிக்கொண்டிருக்கும். ரீட்மீயில் அந்தக் கோப்பின் வரிகளையே மேற்கோளாகக் காட்டுங்கள், தனியாக இன்னொரு முறை தட்டச்சு செய்ய வேண்டாம்.