ஆயர் பணி ஓய்வு: இனிமேல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வழி?

குருமனைத் திண்ணை (கிருஷ்ணகிரி)

வணக்கம். என் வீட்டுக்காரர் சபை ஆயர். வர்ற ஏப்ரலோட அறுபது முடியுது, ஓய்வு. ஊத்தங்கரை, பென்னாகரம், பர்கூர்னு ஊர் ஊரா மாத்தி, இப்போ காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கோம். குருமனையை, அதாவது ஆயருக்குச் சபை கொடுக்கிற வீட்டை, காலி பண்ணணும்ங்கிறது பழகின விஷயம்தான். கல்யாணமான நாள்லேருந்து நல்ல பாத்திரமெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே இருக்கு. பயம் ஆஸ்பத்திரிச் செலவை நினைச்சுத்தான்.

அவருக்கு சர்க்கரை, பிரஷர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதய ரத்தக் குழாய்ல ஸ்டென்ட் வெச்சாச்சு. எனக்கு தைராய்டு, முழங்கால். சம்பளத்துல மாசாமாசம் "மருத்துவ நிதி"ன்னு பிடிப்பாங்க. பில்லைக் கொண்டுபோய் கமிட்டியில வெச்சா ஒரு பங்கு வரும். ஸ்டென்ட் அப்போ வந்தது பாதிக்கும் கம்மி, மீதிக்கு என் வளையல் போச்சு. ஓய்வு தேதியோட அந்த நிதியும் நின்னுடும்னு பொருளாளர் சொல்லிட்டார். "ஜெபிச்சுக்கலாம்மா"ன்னும் சொன்னார். ஜெபம் நாங்களே பண்ணிக்குவோம், அதுதானே எங்க வேலை.

பென்ஷன் மாசம் ஏழாயிரம் சொச்சம் வருமாம். மகன் ஓசூர் சிப்காட்ல 19,000 சம்பளம், பெண்டாட்டி பிள்ளையோட வாடகை வீடு. பேரு மட்டும் இன்னும் எங்க ரேஷன் கார்டுலதான். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராதுன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். நிஜமா?

பாலிசித்தாள் (தருமபுரி)

அக்கா, அந்தப் பிடித்தம் எங்க போகுதுன்னு முதல்ல விசாரிங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் குழுக் காப்பீடா கட்டுறாங்களா, இல்ல நிர்வாகமே வெச்சுச் செலவு பண்ணுதா? கம்பெனின்னா, ஓய்வுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்து அதே கம்பெனியில தனி பாலிசிக்கு மாறக் கேட்கலாம். இத்தனை வருஷம் இருந்த கணக்கு கூடவே வரும், பழைய நோய்க்குத் திரும்பவும் முதல்லேருந்து காத்திருக்க வேண்டியதில்ல. நிர்வாகத்தோட சொந்த நிதின்னா மாத்த ஒண்ணும் இல்ல.

ஏஜென்ட் சொன்னது பாதி சரி. 65 வயசுக்கு மேல புதுசா பாலிசி கிடையாதுங்கிற பழைய கட்டுப்பாடு 2024 ஏப்ரல்லேருந்து இல்ல. ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் 4 வருஷமா இருந்தது 3 ஆச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்ல. ஆனா இதய நோயைப் பார்த்துட்டு மறுக்கவோ பிரீமியத்தை ஏத்தவோ கம்பெனிக்கு உரிமை உண்டு. அதுக்காக ஸ்டென்ட்டை மறைச்சு மட்டும் எழுதிடாதீங்க. "அதெல்லாம் எழுத வேணாம் சார்"னு சொல்ற ஏஜென்ட்டை வாசலோட அனுப்பிடுங்க. கிளைம் வர்றப்போ அவர் போனை எடுக்க மாட்டார்.

குருமனைத் திண்ணை

கேட்டுட்டேன் தம்பி. நிர்வாகத்தோட சொந்த நிதிதான். ரசீது புத்தகம்கூட அவங்களே அடிச்சது.

மூணாம் ஷிப்ட் (ஓசூர்)

அம்மா, உங்க மகன் சம்பளம் 21,000-க்குள்ளன்னா அவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிப்பாங்களே! சம்பளச் சீட்டைப் பாருங்க. அவரைச் சார்ந்திருக்கிற அப்பா அம்மாவையும் அதுல சேர்க்கலாம். பெத்தவங்க வருமானம் மாசம் 9,000-க்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பசங்க பெண்டாட்டி பிள்ளை பேரை மட்டும் ஏத்திட்டு விட்டுடறாங்க. எச்.ஆர்.கிட்ட உங்க ரெண்டு பேர் ஆதார், போட்டோ கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்க. ஐயாவுக்கு இப்போ சம்பளம் வர்றதால ஓய்வானதும் சேர்க்கிறதுதான் சரி.

எங்க அப்பாவுக்கு டயாலிசிஸ் ஈ.எஸ்.ஐ.லதான் ஓடுது. அலைச்சல் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரெஃபரல் சீட்டு, சீல், இன்னொரு சீல். பணம் மட்டும் கேட்கல. ஒரே சிக்கல், இன்க்ரிமென்ட் வந்து 21,000 தாண்டிட்டா கொஞ்ச நாள்ல ஈ.எஸ்.ஐ. போயிடும். அதனால இதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

மேய்ப்பன் மகள் (அரூர்)

அண்ணி, எங்க அப்பாவும் ஆயரா இருந்து ஓய்வானவர். நாங்க பிழைச்சது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தாலதான். குடும்ப வருமானம் வருஷம் 1,20,000-க்குள்ள இருக்கணும், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. உங்க பென்ஷனை மட்டும் பார்த்தா தாராளமா உள்ள வர்றீங்க. மகன் சம்பளம் அதே கார்டுல சேர்ந்தா வெளியே போயிடுவீங்க. அவர்தான் தனிக் குடித்தனமாச்சே, ஓசூர் விலாசத்துல தனி கார்டு வாங்கிக்கட்டும்.

வரிசை மாறினா அலைய விட்டுடுவாங்க. குருமனையைக் காலி பண்ணி, புது விலாசத்துக்கு ரேஷன் கார்டை மாத்திட்டு, அப்புறம்தான் வருமானச் சான்று. இ-சேவையில 60 ரூபாய். வி.ஏ.ஓ. விசாரிக்க வருவார். பென்ஷன் உத்தரவுக் கடிதத்தைக் கையில வெச்சுக்கோங்க. எங்க அப்பாகிட்ட, "வெள்ளை அங்கி போட்டிருக்கீங்க, வெளிநாட்டுப் பணம் வருமே"ன்னு ஒருத்தர் நேராவே கேட்டார். அப்பா சிரிச்சுட்டே பாஸ்புக்கை நீட்டினார், 412 ரூபாய் இருந்துச்சு. சான்று கைக்கு வந்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோட ரெண்டு பேரும் நேர்ல கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போகணும், அங்கேயே போட்டோ எடுப்பாங்க. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி அந்தச் சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்கான்னு 1800 425 3993-ல கேட்டுடுங்க.

மாத்திரைச் செலவு இதுல வராது. அதுக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே. 2021 ஆகஸ்ட்ல அதைத் தொடங்கினதே உங்க மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சா போதும். எங்க அப்பா அங்க போய் வரிசையில நிக்கக் கூச்சப்பட்டார். நேத்துவரைக்கும் அவர் கையால நற்கருணை வாங்கினவங்க முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு. அம்மாதான் சீட்டைப் பிடுங்கிட்டுப் போனாங்க.

இன்னொண்ணு, இது அவசரம். தேவாலயத்துல வேலை பார்க்கிற உபதேசியார்கள், பணியாளர்களுக்கு அரசு நலவாரியம் இருக்கு. 60 வயசு தாண்டினா உறுப்பினராக முடியாது. பெரிய மருத்துவ உதவி ஒண்ணும் இல்ல, கண்ணாடிச் செலவு மாதிரி சின்னச் சின்னதுதான். இருந்தாலும் ஏப்ரலுக்குள்ள கலெக்டர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நலப் பிரிவுல ஐயாவைச் சேர்க்க முடியுமான்னு கேட்டுடுங்க.

கோயில்மணி (தருமபுரி)

நாங்க கத்தோலிக்கர். எங்க சாமியார்களுக்குக் குடும்பம் இல்ல, நோய்க்கும் முதுமைக்கும் அவங்களுக்கு ஏற்பாடு செஞ்சே ஆகணும்னு திருச்சபைச் சட்டம் 281-லயே எழுதியிருக்கு. உங்க பக்கம் பெண்டாட்டி, பிள்ளை, முழங்கால் வலி எல்லாம் உண்டு, ஆனா ஓய்வோட கையை விரிச்சுடறாங்க. ஓய்வானவங்களையும் அந்த நிதியில வெச்சுக்கணும்னு அடுத்த கூட்டத்துல தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்க. ஐயா கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறப்பவே.

குருமனைத் திண்ணை

தீர்மானம் எழுத அவர் கூச்சப்படுவார், நான் எழுதிக் கொடுக்கிறேன். ஒரே சந்தேகம்: மகன் தனி கார்டு வாங்கிட்டா ஈ.எஸ்.ஐ.ல நாங்க "சார்ந்தவங்க" இல்லேன்னு ஆயிடுமா?

மூணாம் ஷிப்ட்

ஆகாதும்மா. பெத்தவங்க மகனைச் சார்ந்திருக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு, கூடவே குடியிருக்கணும்னு இல்ல. படிவத்துல "உடன் வசிக்கிறார்களா"ன்னு ஒரு கட்டம் வரும். அதுல இல்லேன்னு உள்ளதை எழுதிட்டு, கிருஷ்ணகிரி விலாசத்தைக் கொடுத்து, உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற மருந்தகத்தைப் போடச் சொல்லுங்க. மகனோட கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டை எடுத்து வெச்சுக்கோங்க.